தரவுத்தளமும் அது வேண்டும் இடமும்

செய்திகளை அட்டவணைகளாக அமைத்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறையை 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டவர், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர். அம்முறையைத் தழுவி எழுந்தவையே தொடர்புத் தரவுத்தள மென்பொருள்கள். கொள்கை ஒன்றேயாயினும், கணிப்பொறியில் நிறுவுங்கால் அவை வேண்டும் இடம் ஒரே அளவினதன்று.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வர் 2022 என்னும் பதிப்பு, வட்டில் குறைந்தது 6 கிகாபைட் இடம் கேட்கிறது. எஸ்.கியூ.லைட் என்னும் மென்பொருளோ 1 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு கிகாபைட் ஏறத்தாழ ஆயிரம் மெகாபைட். ஆதலின் வேற்றுமை ஆறாயிரம் மடங்காகும்!

இதற்குக் காரணம் யாது? முன்னது தனித்தியங்கும் பணியாளைப் போன்றது. பல கணிப்பொறிகளிலிருந்து வரும் வேண்டுகோள்களை ஏற்பதும், கேட்பவர்க்கு உரிமை உண்டா என ஆராய்வதும், ஒரே வேளையில் பலர் எழுதினும் கணக்குப் பிழையாவண்ணம் காப்பதும் அதன் கடமைகள். பின்னது வேறொரு மென்பொருளின் உள்ளுறுப்பாய் அமைந்து, செய்திகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைக்கும். ஒரு நேரத்தில் ஒருவரே அதில் எழுத இயலும். கைப்பேசிக்கு அதுவே சாலும். நூறு பேர் ஓயாது பதிவு செய்யும் மருத்துவமனைக்கு அது பொருந்தாது. சிறியது என்பதனால் தாழ்ந்தது என்று எண்ணற்க.

இனி நினைவகத்தைக் காண்போம். எஸ்.கியூ.எல். சர்வரின் முழுப்பதிப்புகளுக்கு 1 கிகாபைட் நினைவகமே குறைந்த அளவு என்று குறித்துள்ளனர். ஆயினும் 4 கிகாபைட்டேனும் இருத்தல் நன்று என அந்நிறுவனமே கூறுகிறது. முதலில் குறித்தது குடிபுகுவதற்கான இடம். குடித்தனம் நடத்துவதற்கு அது போதுமா? அடிக்கடி வேண்டப்படும் செய்திகளைத் தரவுத்தளம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். அங்கு இடமில்லையெனில் ஒவ்வொரு முறையும் வட்டினை நாட வேண்டும். சுழல்வட்டில் தேடி எடுப்பதற்கு நினைவகத்தினும் பல்லாயிரம் மடங்கு காலம் செல்லும். குறைந்த அளவை மட்டும் நோக்கிக் கணிப்பொறி வாங்கிய அலுவலகத்தில், சாளரத்தின்முன் மக்கள் காத்து நிற்க நேர்வது இதனாலேயே.

போஸ்ட்கிரஸ் என்னும் கட்டணமற்ற மென்பொருள் இவ்வகையில் அடக்கமானது. பொது நினைவகமாக 128 மெகாபைட்டையே பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கெனவே ஒதுக்கிய கணிப்பொறியாயின், நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கை அளித்துத் தொடங்கலாம் என்பது அதன் கையேடு காட்டும் வழி. மேலும், இணையும் ஒவ்வொருவர்க்கும் அது தனிச்செயல் ஒன்றைத் தொடங்குமாதலால், பயன்படுத்துவோர் பெருகப்பெருக நினைவகத் தேவையும் பெருகும்.

மிகுதியாக வாங்கிக் குவிப்பதும் சில வேளைகளில் வீணே. எஸ்.கியூ.எல். சர்வர் 2022-இன் கட்டணமற்ற எக்ஸ்பிரஸ் பதிப்பு, செய்திகளைத் தேக்கி வைக்க 1410 மெகாபைட் நினைவகத்துக்குமேல் பயன்படுத்தாது. அதனை மட்டும் நிறுவிய கணிப்பொறியில் 64 கிகாபைட் இருப்பினும், பெரும்பகுதி வாளா கிடக்கும்.