மெய்நிகர் இயந்திர மீட்பு

மெய்நிகர் இயந்திர மீட்பு என்பது ஒரு வழங்கிக் கணினி பழுதுற்று நின்றுவிடும்போது, அதில் இயங்கிய மெய்நிகர் இயந்திரத்தை வேறொரு வழங்கியில் மீண்டும் இயக்கும் செயல்முறை ஆகும். 2006 ஆம் ஆண்டில் விஎம்வேர் நிறுவனம் இதனைத் தானியங்கும் வசதியாகத் தனது விஎம்வேர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் 3 தொகுப்பில் அளித்தது. கட்டற்ற மென்பொருட்களுள் பிராக்சுமாக்சு, பேசுமேக்கர் முதலியன இவ்வசதியைத் தருகின்றன.

அடிப்படை

மெய்நிகர் இயந்திரம் மென்பொருளால் உருவகிக்கப்படும் ஒரு கணினி ஆகும். அதன் வன்தட்டு பெரும்பாலும் ஒரு கோப்பாகவே சேமிக்கப்படுகின்றது. நினைவகத்தின் அளவு, பிணைய முகவரி போன்ற விவரங்கள் அமைவடிவக் கோப்பில் இருக்கும். இவ்விரண்டும் கிடைக்குமாயின், அவ்வியந்திரத்தை வேறு வழங்கியில் எழுப்ப இயலும். இதன் பொருட்டே இக்கோப்புகள் பல வழங்கிகளும் அணுகக்கூடிய பொதுச் சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன. அல்லது வேறு வழங்கிக்குக் குறித்த இடைவெளிகளில் நகலெடுக்கப்படுகின்றன.

இடப்பெயர்ப்பும் மீட்பும்

இயங்கும் நிலையிலேயே செய்யப்படும் இடப்பெயர்ப்பில் இரு வழங்கிகளும் நலமாக இருக்கும். நினைவகத்தின் உள்ளடக்கமும் பிணையம் வழியாக அனுப்பப்படும். மீட்பிலோ நினைவகம் முற்றிலும் இழக்கப்படுகின்றது. மின்தடைக்குப் பின் எழும் கணினியைப் போலவே இயக்குதளம் தொடக்கத்திலிருந்து ஏறுகின்றது. வன்தட்டில் எழுதப்படாத தரவுகள் திரும்பா. அரைகுறையாக நின்ற மாற்றங்களைக் கோப்பு முறைமையும் தரவுத்தளமும் தத்தம் குறிப்பேடுகளைக் கொண்டு சரிசெய்கின்றன.

இரட்டை இயக்கச் சிக்கல்

ஒரு வழங்கி பதிலளிக்கவில்லை என்பதாலேயே அது நின்றுவிட்டது என்று கொள்ளமுடியாது; பிணைய வடம் மட்டும் அறுந்திருக்கலாம். அந்நிலையில் வேறு வழங்கியில் இயந்திரத்தை எழுப்பினால், ஒரே வன்தட்டுக் கோப்பில் இருவர் எழுதுவர். கோப்பு முறைமை சிதையும். எனவே பழைய வழங்கியை முதலில் மின்துண்டிப்புச் செய்வது விதியாகும். இது வேலியிடல் எனப்படும்.

பெரும்பான்மை முறையும் இதற்கு உதவுகின்றது. மூன்று வழங்கிகளில் இரண்டு ஒன்றையொன்று காணுமாயின் அவை தொடர்ந்து இயங்கும், தனித்துவிடப்பட்டது ஒதுங்கும். பிராக்சுமாக்சில் இவ்வாறு தனித்த வழங்கியைச் சுமார் 60 நொடிகளில் காவல் கடிகாரம் மறுதொடக்கம் செய்கின்றது. இரண்டே வழங்கிகள் உள்ள இடத்தில், பிரிந்தபின் எதற்கும் பெரும்பான்மை கிட்டாது. ஆதலால் மூன்றாவது வாக்கு ஒன்று தேவைப்படுகின்றது.

மீட்பின் படிகள்

1. பழைய வழங்கியின் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்தல்.
2. புதிய வழங்கியில் போதிய நினைவகம் உள்ளதா, வன்தட்டுக் கோப்பு அதற்கு எட்டுகிறதா எனப் பார்த்தல்.
3. அமைவடிவக் கோப்பைப் பதிந்து, செயலி வகையும் பிணையப் பெயர்களும் பொருந்துமாறு திருத்துதல்.
4. இயந்திரத்தை இயக்கிக் கோப்பு முறைமையைச் சோதித்தல்.
5. பழைய வழங்கி சீரானதும் அதிலுள்ள இயந்திரம் தானாக எழாதவாறு தடுத்தல்.

வரம்புகள்

15 நிமிடங்களுக்கு ஒருமுறை நகலெடுத்தால், ஏறத்தாழ 15 நிமிடத் தரவை இழக்க நேரிடலாம். பொதுச் சேமிப்பகமே பழுதுற்றாலோ, தரவு தவறுதலாக அழிக்கப்பட்டாலோ இம்முறை பயன்தராது. அழிந்த கோப்பு புதிய வழங்கியிலும் அழிந்தே இருக்கும். ஆகையால் மீட்பு வசதி காப்புப்பிரதிக்கு மாற்று அன்று.