தாய்ப்பலகை மாற்றமும் பழைய சேமிப்பகமும்

கணினியின் உறுப்புக்கள் யாவற்றையும் தாங்கி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து நிற்கும் பலகையைத் தாய்ப்பலகை என்பர். அது பழுதுற்றவிடத்துப் புதியதொன்றைப் பொருத்துதல் வேண்டும். அங்ஙனம் பொருத்துங்கால், பணிசெயல் முறைமையும் கோப்புக்களும் பதிந்துள்ள பழைய சேமிப்பகத்தை அப்படியே இணைத்தால் கணினி இயங்குமோ எனப் பலர் வினவுகின்றனர். பல்லாண்டு தொகுத்த வினாத்தாள்களும், புள்ளிப்பதிவுகளும், குடும்பப் படங்களும் அதனுள் அடங்கியிருத்தலின் இவ்வினா அற்பமானதன்று. பெரும்பாலும் இயங்கும் என்பதே எமது விடை. ஆயினும், அதற்கான ஆயத்தங்களுட் சிலவற்றைப் பழைய பலகை இயங்கும் காலத்திலேயே செய்துகொள்ளல் வேண்டும்.

பணிசெயல் முறைமை வன்பொருளோடு தொடர்பு கொள்வது ‘செலுத்தி’ எனப்படும் சிறு மென்பொருள்களின் துணையாலாகும். 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, தான் நிறுவப்பட்ட பலகைக்குரிய சேமிப்பகச் செலுத்தியையே தொடக்கத்தில் நாடும். ஆதலின், வேறு பலகையிற் பொருத்தியவுடன் நீலத்திரை காட்டி நின்றுவிடுதல் வழக்கமாயிருந்தது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 உம், 2021 இல் வந்த விண்டோஸ் 11 உம் புதிய உறுப்புக்களைத் தாமே இனங்கண்டு, பொதுவான செலுத்திகளைக் கொண்டு எழுந்துவிடும். லினக்ஸ் கருவோ ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் வன்பொருளை ஆராய்ந்து வேண்டிய செலுத்திகளை ஏற்றுவதால், அதனை இடம் மாற்றுதல் இன்னும் எளிது.

இனி, எதிர்ப்படும் தடைகள் மூன்றனைக் கூறுவாம்.

முதலாவது, தொடங்கும் முறை. பழைய கணினிகள் பயோஸ் முறையாலும், புதியவை யு.ஈ.எஃப்.ஐ. முறையாலும் தொடங்குவன. முன்னையதற்கு எம்.பி.ஆர். எனும் பிரிப்பு முறையும், பின்னையதற்கு ஜி.பி.ரி. எனும் பிரிப்பு முறையும் உரியன. புதிய பலகைகள் பல பழைய முறையை ஏற்பதில்லை. 2017 முதல் விண்டோஸ் 10 உடன் வரும் மாற்றுக்கருவி, கோப்புக்களை அழியாது காத்து முன்னையதைப் பின்னையதாக்கித் தரும். அன்றியும், சேமிப்பகம் ஏ.எச்.சி.ஐ., ரெயிட் என்பவற்றுள் எந்நிலையில் முன்பு இயங்கியதோ, அந்நிலையையே புதிய பலகையின் அமைப்பிலும் தெரிதல் நன்று.

இரண்டாவது, பூட்டு. இதுவே மிகக் கவனிக்கத்தக்கது. பிட்லொக்கர் எனும் பாதுகாப்பு, சேமிப்பகம் முழுவதையும் மறைமொழியாக்கி, அதன் திறவுகோலை ரி.பி.எம். எனும் பாதுகாப்புப் பகுதியின் காவலில் வைக்கின்றது. புதிய பலகையிற் பழைய காவல் இல்லாமையின், கணினி 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவெண்ணைக் கேட்கும். அஃது இல்லையேல் எத்துணை வல்ல தொழினுட்பவியலாளரும் கோப்புக்களை மீட்டல் இயலாது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொப்ட் கணக்கின்வழி உட்புகும்போது, பல கணினிகளில் இப்பூட்டு தானாகவே இடப்படுகின்றது. உரிமையாளர் அதனை அறியாதிருத்தலுங் கூடும். அவ்வாறு இடப்பட்ட பூட்டின் திறவெண் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதனைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வைத்தல் கடன்.

மூன்றாவது, உரிமம். கணினியுடன் சேர்ந்தே விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் பழைய பலகைக்கே உரியது. தனியாக விலைகொடுத்துப் பெற்ற உரிமத்தைப் புதிய பலகைக்கு மாற்றலாம். அதனை முன்கூட்டியே மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்துக்கொண்டால் மாற்றுதல் எளிதாகும். எனினும், உரிமம் இன்மையாற் கோப்புக்கள் அழிந்துபோவதில்லை.

எனவே செய்யவேண்டியவற்றை ஒழுங்குபடக் கூறின்: கோப்புக்களின் பிரதியொன்றை வேறு சேமிப்பகத்தில் வைத்தல், திறவெண்ணை எழுதிக்கொள்ளல், பலகையை மாற்றுமுன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தல், உரிமத்தைக் கணக்கோடு இணைத்தல், புதிய பலகையின் வலையமைப்புச் செலுத்தியைப் பென்ட்ரைவ் ஒன்றிற் பதிந்து வைத்தல். புதிய பலகையில் முதன்முறை தொடங்குங்கால் கணினி சற்றுத் தாமதிக்கும். பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும்.

பலகை பழுதுறும் நாளை எவரும் முன்னறியார். பழுதுற்றபின் புதிய பலகையை விலைக்கு வாங்கலாம். எழுதி வையாத திறவெண்ணை வாங்கல் இயலாது. ஆகலின், மாணாக்கரும் ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் கணினி நன்கு இயங்கும் இக்காலத்திலேயே பிரதியையும் திறவெண்ணையும் பேணிக்கொள்வாராக.