உடையும் என்பதும் உடைத்துக் காட்டுவதும்

சென்ற மாதம் ஒரு சிறு கூட்டத்தில், 'இந்நாவல் தன் அரசியலைத் தானே உள்ளிருந்து மறுக்கிறது' என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் இளம் தோழர், 'எந்தப் பக்கத்துலன்னு காட்டுங்க தோழர்' என்றார். காட்ட முடியவில்லை. ஆனால் சொன்னது பொய் என்றும் தோன்றவில்லை. அந்தச் சங்கடத்தில் ஞாபகம் வந்தது ஓர் எண்: 147573952589676412927.

அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. இவ்வகை எண்களில் எவையெவை பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை என்று 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு பட்டியல் தந்தார். இதுவும் அதில் உண்டு. நிரூபணம்தான் இல்லை. பெரியவர் சொல்லிட்டார், இருநூறு வருஷத்துக்கு மேல் அது நின்றது.

1876இல் லூக்கா என்பவர் இது பகா எண் அல்ல என்றார். சரி, எந்த எண்களின் பெருக்கல்? அது அவருக்கும் தெரியாது! இது எப்படிச் சாத்தியம்? அவரது வழியை 1930இல் லெஹ்மர் செப்பனிட்ட வடிவில் சொல்கிறேன். 4இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பவும் அதையே செய்யுங்கள். 31ஐ (ஐந்து இரண்டுகள், கழித்தல் ஒன்று) எடுத்தால் 4, 14, பிறகு 194, அதன் மீதி 8, பிறகு 62, மீதி பூச்சியம். ஆகவே 31 பகா எண். இரண்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப் பகா எண்ணாக இருக்கும்போது, அதில் இரண்டு குறைவான தடவை இதைச் செய்ய வேண்டும். நம்முடைய எண்ணுக்கு 65 தடவை. கடைசியில் பூச்சியம் வராது. எண் உடையும் என்பது உறுதி. எங்கே என்பதில் சோதனை மௌனம்.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். கோல் என்பவர் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் அந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதி, பக்கத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டினாராம். இரண்டும் ஒன்றே. கைதட்டல். எத்தனை நாள் பிடித்தது என்றதற்கு, 'மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம். பெல் எழுதிவைத்த கதை இது. அழகாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகிக்கணும். ஆனால் பெருக்கலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம், பட்டம் எதுவும் வேண்டாம். அந்த ஞாயிறுகள் மட்டும் பெருக்கலில் தெரிவதில்லை. இந்த எண்ணின் காரணி எதுவாயினும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று முன்பே தெரியும். அப்படியும் சிறிய காரணி வருவது 1445580ஆவது மடங்கை ஒட்டித்தான்.

கோலை வெற்றியாளராகவும் லூக்காவைப் பாதிவழியில் நின்றவராகவும் சொல்வது வழக்கம். எனக்கு ஒப்புதலில்லை. இடத்தைக் காட்டாவிட்டாலும் லூக்காவிடம் பிறர் நடந்து சரிபார்க்கக்கூடிய படிகள் இருந்தன. தோழரின் கேள்வி அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. நான் லூக்காவாகக்கூடப் பேசவில்லை, மெர்சென்னாகப் பேசியிருக்கிறேன். நாவலைத் திரும்ப எடுத்திருக்கிறேன். நாற்பது பக்கம் தாண்டியாயிற்று, இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.