இரண்டு வேளை பாருங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். சென்னைப் பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்திருந்தால், மூன்றாவதாக ஒன்றையும் அவசியம் சேர்த்திருப்பார்கள்.

தரகர் நம்மை எப்போது அழைத்துப் போகிறார்? காலை பத்து மணிக்கு. அடுக்குமாடி வீடு வெயிலில் பளிச்சென்று இருக்கிறது. புது வர்ணத்தின் வாசனை மூக்கைத் துளைக்கிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. "இன்றே முன்பணம் கொடுக்காவிட்டால் வேறொருவர் வந்துவிடுவார்" என்கிறார் தரகர். இந்த இடத்தில்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

ஆகையால், நேயர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: ஒரே வீட்டை இரண்டு வேளை பாருங்கள். இரண்டாம் முறை, தரகர் இல்லாமல், அந்தி சாய்ந்த பிறகு போங்கள். தெரு விளக்கு எரிகிறதா, மாடிப்படியில் வெளிச்சம் உண்டா, வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் அச்சமின்றி வந்து சேர முடியுமா என்பதெல்லாம் அப்போது தாமே விளங்கும்.

அப்படியே அண்டை வீட்டாரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வற்றிக் கிடந்தபோது, குடிநீருக்கு என்ன செய்தார்கள்? வர்ணம் சுவரின் ஈரத்தை மறைக்கலாம். அண்டை வீட்டாரின் ஞாபகத்தை மறைக்க முடியாது.

வீட்டுக்குள் போகும்போது, குடும்பத்தில் மூத்தவரையும் இளையவரையும் உடன் அழைத்துச் செல்வது உத்தமம். பாட்டி படிகளை எண்ணுவாள். மின்தூக்கி நின்ற நாளில் அவள் ஏற வேண்டியவை அல்லவா? குழந்தையோ, எங்கே ஆபத்து உண்டோ அங்கே நேராகப் போய் நிற்கும். பால்கனிக் கைப்பிடியின் உயரம் போதுமா என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும்.

ஜன்னல்களில் எல்லாம் அசையாத இரும்புக் கம்பி போட்டிருந்தால் திருடன் உள்ளே வர முடியாதுதான். ஆனால் நெருப்புப் பிடித்தால் நாமும் வெளியே போக முடியாது! சமையல் வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சமையலறையில் தாழ்வான காற்று வழி இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் பெட்டியில் உண்டா என்றும் விசாரியுங்கள்.

கடைசியாகப் பண விஷயம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாளாக ஊறிப்போன வழக்கம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்பது அதன் விதி. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் ஆக வேண்டும். எனவே கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

"இத்தனை விசாரித்தால் வீடு கை நழுவிப் போகாதா?" என்று கேட்பீர்கள். போனால் போகட்டும். வேறு வீடு கிடைக்கும். வெள்ளம் புகுந்த இரவில், குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு வேறு வீடு தேட முடியுமா?