பியானோவா, கீபோர்டா? வாங்குமுன் ஒரு கணக்கு!

தங்கை வெஸ்டர்ன் கற்க ஆரம்பித்ததும் அப்பா சீட்டு எடுத்து, 20,000 ரூபாயை என் கையில் கொடுத்தார். "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, பார்த்து வாங்கு." மாட்டிக்கொண்டேன் நண்பர்களே! மறுபடி சீட்டு எடுக்க வழியில்லை. ஆகவே விற்றால் என்ன தேறும் என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

லைட் மியூசிக் மேடையில் இடது கையால் கார்டு பிடித்ததும் டிரம்ஸும் பேஸும் தானாக ஓடுகிறதே, அதுதான் அரேஞ்சர் கீபோர்டு. பெரும்பாலும் 61 கட்டைகள். டிஜிட்டல் பியானோவில் 88. ஒவ்வொரு கட்டையோடும் சுத்தியல் மாதிரி ஒரு எடை இருப்பதால் விரலுக்குக் கனம் தெரியும். கடையில் விலை கேட்டேன், 40,000க்கு மேல். "இவ்வளவு கொடுத்தும் ரிதம் இல்லையா?" என்றார் அப்பா. காசு அந்தச் சுத்தியலுக்குப் போகிறது. கீபோர்டிலோ ரிதத்துக்கும் டோனுக்கும் போகிறது.

மறுவிலையின் சூட்சுமமே இங்கேதான். சுத்தியல் சீக்கிரம் பழசாகாது, ரிதம் பழசாகிவிடும். யமஹாவையே பாருங்கள். 2015-ல் வந்த பிஎஸ்ஆர்-இ353க்குப் பிறகு 2018-ல் இ363, 2020-ல் இ373, 2024-ல் இ383 என்று வந்துகொண்டே இருந்தன. அதே 2015-ல் வந்த பி-45 பியானோவுக்கு 2023-ல்தான் பி-145 என்று வாரிசு வந்தது. புதுசு வந்தால் பழசுக்கு மவுசு ஏது?

ஆனால் ஒன்று. நம்ம ஊரில் கீபோர்டு சட்டென்று விலைபோகும். குழுக்காரர், சர்ச், பள்ளி விழா என்று ஆள் உண்டு. இ373 ஐந்து கிலோகூட இல்லை, பஸ்ஸில் தூக்கிப் போகலாம். பி-45 பதினொன்றரை கிலோ. வாங்க ஆள் தேடணும். அப்படி மாதக்கணக்கில் ஆள் தேடிக்கொண்டிருந்த ஒருவரிடம்தான் நான் போனேன். பழைய பி-45, 24,000 சொன்னார்.

பழசு வாங்கும்போது ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை அடித்துப் பாருங்கள். கட்டைக்கு அடியில் ரப்பர் கான்டாக்ட் இரண்டு இருக்கும். இரண்டும் தொடுகிற இடைவெளி நேரத்தை வைத்துத்தான் வேகத்தை அளக்கிறது. தூசு படிந்தால் மெதுவாக அடித்தாலும் 'டங்'கென்று கத்தும், அல்லது ஊமையாகிவிடும். அதில் மூன்று கட்டைகள் கத்தின. அதைக் காட்டியே 1,500 குறைத்தேன். மீதி 2,500 என் சேமிப்பு, போச்சு! வீட்டில் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் மூன்றும் அடங்கிவிட்டன.

நாளை விற்பதென்றால் நாங்களும் அவரைப் போலக் காத்திருக்கத்தான் வேண்டும். பியானோதான் வேண்டும் என்று தங்கையின் மாஸ்டர் சொன்னபிறகு வேறு வழி? அப்பா மட்டும் இன்னும் கேட்கிறார்: "ரிதம் எங்கேடா?"