தொட்டியில் கிடந்த என் கத்திரிக்காய்

வங்கியில் 32 வருஷம் கணக்குப் பார்த்துவிட்டு, மாதனூர் பக்கம் 2 ஏக்கரில் கத்திரி வைத்திருக்கிறவன் நான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே இலவம்பாடி முள் கத்திரிதான். ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்குக் காய் கொடுக்கிறேன். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் இல்லாமல் எங்க பக்கம் பிரியாணி இலை நிறையாது.

ஒருநாள் மதியம் காசு வாங்கக் கடையின் பின்பக்கம் போனேன். தொட்டி நிறைய கத்திரிக்காய்க் கறி. புழு விழுந்த குருத்தைக் கிள்ளி, வேப்பெண்ணெய் தெளித்து வளர்த்த காய். மனசு கேட்கலை.

"என்ன பாய் இது?"

"எல்லா இலைக்கும் வைக்கிறோம் சார். வேண்டாதவங்க ஒதுக்கிடறாங்க. என்ன பண்றது?"

வாராக்கடன் எங்கே நிற்குதுன்னு தெரியாமல் வசூல் பண்ண முடியாது. மூன்று தொட்டியும் ஒரு நோட்டும் வைக்கச் சொன்னேன். நறுக்கும்போது கழிந்தது ஒன்றில், சமைத்து விற்காதது ஒன்றில், இலையில் மிஞ்சியது ஒன்றில். தினமும் ராத்திரி எடைபோட்டு எழுதணும். ஒரே வாரத்தில் விஷயம் தெரிந்துபோச்சு. பிரியாணி மிஞ்சுவதே அபூர்வம். அண்டா தீர்ந்தால் கடை மூடிடும். வீணானதில் பெரும்பங்கு, கேட்காமல் வைத்த கத்திரிக்காயும் பச்சடியும்தான். இப்போ 'வேணுமா?' என்று கேட்டு ஒரு கரண்டி வைக்கிறாங்க. கேட்டால் மறுபடி.

இதில் அடி எனக்குத்தான். 20 கிலோ வாங்கினவர் 14 கிலோவாகக் குறைத்துவிட்டார். பாயிடம் நேராகவே பேசினேன்: "தொட்டியில் போன காய்க்கும் நீங்க காசு கொடுத்தீங்க. அந்த மிச்சத்தில் எனக்கும் பங்கு வேணும்." கிலோவுக்கு 5 ரூபாய் கூட்டிக் கொடுத்தார். மீதிக் காய் சந்தைக்குப் போகிறது. முழு நட்டமும் ஈடாகலை. ஆனால் முதல் தொட்டி எனக்கு என்று பேசி முடித்தோம்.

ஏன் முதல் தொட்டி மட்டும்? பாலாற்றங்கரை மண்ணில் தோல் பதனிடும் கழிவுநீர் உப்பேற்றிய கதை நமக்குத் தெரியும். மாசு செய்தவரே ஈடு கட்டணும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான். அந்த மண்ணில் உப்புப் போட்ட சோற்றையும் குழம்பையும் கொட்டலாமா? வெங்காயச் சருகு, காய்த்தோல், புதினாத் தண்டு, முட்டை ஓடு வரட்டும். ஒரு பங்குக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலை, மேலே சாணிக் கரைசல், 15 நாளுக்கு ஒரு புரட்டல். மூன்று மாதத்தில் உரம்.

விற்காமல் மிஞ்சிய நல்ல உணவு அன்று ராத்திரியே பசித்தவர்களுக்குப் போகணும். இலையில் மிஞ்சியதை, எலும்பு நீக்கி, சாண எரிவாயுக் கலனில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். மாட்டுக்குச் சோற்றை அள்ளிப் போடாதீங்க. வயிறு புளித்து மாடு சாய்ந்துவிடும். இறைச்சி கலந்தது மாட்டுக்கு ஆகவே ஆகாது.

கலக்காமல், அழுகும் முன்னே எடுத்தால் குப்பையும் வளம்தான் என்பதை நம்ம வேலூர் சி. சீனிவாசன் எப்போதோ செய்து காட்டிவிட்டார். உணவகங்கள் கழிவைத் தரம் பிரிக்கணும், மக்குவதை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்கணும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளும் சொல்லின. ஆனாலும் 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை. அதில் 28 சதவீதம் உணவகம் போன்ற இடங்களில்.

உரம் செய்வது இரண்டாவது வேலை. வீணாகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த 6 கிலோ காய்க்கும் நான் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன், கூலி கொடுத்திருக்கிறேன். மக்க வைத்தாலும் அது திரும்பாது.

நீங்களும் காய் கொடுக்கிற கடையின் பின்பக்கம் ஒருதரம் போய்ப் பாருங்க. கையோடு ஒரு நோட்டு கொண்டுபோங்க.