படகில் துளையிடுமுன்
நிலம் இழந்து நீர்த்தேக்கத்தை நம்பி வாழும் குடும்பத்துக்குப் படகே வயல். ஆகவே, மீன்காட்டிக் கருவி பொருத்துவோர் அவசரப்படலாகாது என்கின்றோம்.

கினிகத்தேனைக்கு அப்பால், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரின் சிதைவுகள் கிடக்கின்றன. சிக்கும் வலை கிழியும். கருவியின் உணரி நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் தடைகளையும் மீனையும் காட்டும்.

துளையிடுவதாயின் படகைக் கரையேற்றுங்கள். இயந்திரத்துக்கு முன்னால், எப்போதும் நீரில் அமிழ்ந்திருக்கும், நீர்க்குமிழி சேராத இடமே ஏற்றது. துளையின் விளிம்பில் படகுக்குரிய நீர்புகாப் பசையைத் தாராளமாகப் பூசி, சுரையை முடுக்குங்கள். பசை முற்றாக இறுகிய பின்னரே நீரில் இறக்கி, கசிவு உண்டா எனப் பலமுறை பாருங்கள். மரப்படகுக்குப் பிளாஸ்டிக் உணரி வேண்டாம். ஊறிப் பருக்கும் மரம் அதை நெரித்து உடைக்கும்.

ஒற்றைத் தட்டுப் பைபர் படகாயின் துளையே தேவையில்லை. அதற்கென உள்ள உணரியை உட்புறத்தில் எபொக்சிப் பசையால் ஒட்டலாம். இடையில் காற்றுக்குமிழி மட்டும் இருக்கக்கூடாது. அது ஒலியைத் தடுத்துவிடும்.